ஸ்கேனரில் வைப்பதற்கு முன்: பழைய ஸ்லைடுகளையும் நெகட்டிவ்களையும் ஆயத்தம் செய்யும் முறை

பழைய ஸ்லைடுகளையும் நெகட்டிவ்களையும் மின்னாக்கம் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் எந்த ஸ்கேனரை வாங்கலாம் என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் ஒரு படம் யாரால், எப்போது, எந்த வரிசையில் எடுக்கப்பட்டது என்ற செய்தி நிலைப்பதும் தொலைவதும் அதற்கு முந்தைய ஆயத்த வேலையில்தான். சரியாக வராத ஸ்கேனை மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். கலைந்துபோன வரிசையை மீட்பது அரிது.

ஆகவே பெட்டியைத் திறந்தவுடன், உள்ளே இருப்பவற்றை அவை இருக்கும் நிலையிலேயே முதலில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். உறைகளின் மேல் எழுதியிருப்பதையும், ஸ்லைடுச் சட்டங்களின் மேல் உள்ள குறிப்புகளையும் எழுத்துப் பிழை உட்பட அப்படியே படியெடுக்க வேண்டும். சட்டத்தில் அச்சாகியிருக்கும் மாதமும் ஆண்டும் பிலிம் கழுவப்பட்ட காலத்தையே குறிக்கும். படம் எடுத்த நாள் அதற்குப் பல மாதங்கள் முந்தியதாகவும் இருக்கலாம் என்பதால், இரண்டையும் தனித்தனியே பதிவு செய்வது நல்லது. நெகட்டிவ் கீற்றுகளின் ஓரத்தில் உள்ள எண்கள் எடுத்த வரிசையைக் காட்டும் நம்பகமான சான்று. கீற்றுகளை ஒற்றைப் படங்களாக வெட்டினால் அந்தச் சான்று சிதைந்துவிடும். ஆகவே ஒருபோதும் வெட்டாதீர்கள். பெட்டி, கீற்று, படம் என்ற வரிசையில் 03-012-05 என்பது போல ஓர் எண்ணைக் கொடுத்து, அதையே கோப்பின் பெயராகவும் வைத்துக்கொள்ளலாம். அட்டைச் சட்டத்தில் பென்சிலால் எழுதலாம். மற்றவற்றுக்கு எண்ணை உறையின் மேல் எழுதினால் போதும்.

அடுத்து, பிலிமின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். புளிக்காடி வாடை வீசினால், அது அசிடேட் பிலிம் சிதைவதற்கான அறிகுறி. வெளிவரும் அசிட்டிக் அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துவதால், அத்தகையவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஸ்கேன் செய்யும் வரிசையில் முன்னே வைக்க வேண்டும். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய பிலிம்களில் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையும் இருக்கக்கூடும். ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் பொதுவாக அது நைட்ரேட் அல்ல. இல்லாததை மட்டும் வைத்து நைட்ரேட் என்று முடிவுகட்டவும் இயலாது. நைட்ரேட் தீப்பற்றினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொண்டு எரியும். எனவே ஐயம் எழுந்தால் அதை வெப்பத்திலிருந்து விலக்கி வைத்து, ஆவணக்காப்பகத்தின் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுவதே முறை. குளிர்பதன அறையிலிருந்து எடுத்த பிலிமை, மூடிய பையிலேயே வைத்திருந்து, அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும்; இல்லையேல் அதன்மேல் ஈரம் படியும்.

தூய்மை செய்வதில் குறைவாகச் செய்வதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. நைட்ரைல் கையுறை அணிந்து, பிலிமின் ஓரங்களை மட்டுமே பிடிக்க வேண்டும். பருத்திக் கையுறை நூலிழைகளை உதிர்க்கும். மங்கலான பக்கம்தான் படம் பதிந்துள்ள பூச்சு, பளபளப்பான பக்கம் அடித்தளம். பூச்சுப் பக்கம் எளிதில் கீறல்படும். ரப்பர்க் குமிழ் ஊதியால் தூசியை ஊதிவிட்டு, எஞ்சியதை நிலைமின் நீக்கும் மென்தூரிகையால் மெல்லத் துடைத்தால் பெரும்பாலான படங்களுக்கு அதுவே போதும். அழுத்தக் காற்றுக் குப்பிகள் திரவத்தைத் தெறிக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவும். விரல் ரேகையோ எண்ணெய்ப் பசையோ நீங்காவிட்டால், பிலிமுக்கென்றே விற்கப்படும் துப்புரவுத் திரவத்தில் இழை உதிராத துணியைச் சிறிது நனைத்து, முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, அடித்தளப் பக்கத்தில் மட்டும் பயன்படுத்தலாம். தண்ணீரைத் தொடவே கூடாது. குறிப்பாகப் பூஞ்சை அரித்த ஜெலட்டின் பூச்சு தண்ணீரில் கரைந்துவிடும். அப்படிப்பட்டவற்றைத் தனிமைப்படுத்தி, முகக்கவசத்துடன் மட்டுமே கையாள வேண்டும்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டறிந்து கோப்பிலிருந்து நீக்கும் ஸ்கேனர் வசதி எல்லாப் பிலிமுக்கும் உதவுவதில்லை. வழக்கமான கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உள்ள வெள்ளி அகச்சிவப்புக் கதிரை மறைப்பதால், அந்த வசதி படத்தையே தூசியெனக் கருதிக் கெடுத்துவிடும். 1935 முதல் 2009 வரை விற்பனையில் இருந்த, கோடக் நிறுவனத்தின் கோடக்ரோம் வண்ண ஸ்லைடுகளிலும் பல ஸ்கேனர்கள் இதே இடரைச் சந்திக்கின்றன. அங்கெல்லாம் கையால் அகற்றப்படாத தூசி கோப்பிலும் நிற்கும்.

கண்ணாடிச் சட்டமிட்ட ஸ்லைடில் தூசி படியும் பரப்புகள் கூடுகின்றன. பிலிம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் நியூட்டன் வளையங்கள் எனப்படும் வானவில் நிற வளையங்களும் தோன்றலாம். பிலிம் ஒட்டிக்கொள்ளாதிருந்தால் மட்டுமே அதை வெளியே எடுத்து ஸ்கேன் செய்யவும். பழைய சட்டத்தை அதன் குறிப்புகளுடன் காக்கவும். சுருண்ட கீற்றுகளை உறையிலிட்டுத் தட்டையான எடையின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். வெப்பம் காட்டக் கூடாது.

ஸ்கேன் முடிந்த கீற்றைப் பழைய உறைக்கே அனுப்பாமல், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் அதே எண்ணிட்டு வைக்கவும். பிவிசி உறை, ரப்பர் பட்டை, உலோகக் கிளிப் ஆகிய மூன்றும் காலப்போக்கில் பிலிமைக் கெடுப்பவை. எழுத்துள்ள பழைய உறையை வீசிவிடாமல், பிலிமைத் தொடாதவாறு அதே பெட்டியில் வேறொரு உறைக்குள் சேர்த்து வைக்க வேண்டும்.