பரணில் கிடந்த பிபிசி மைக்ரோவை மறுபடி ஓட வைப்பது எப்படி?

பழைய கணினி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, பிளக்கைச் செருகி ஆன் செய்து பார்ப்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நான் என் முதல் பிபிசி மைக்ரோவை அப்படித்தான் ஆன் செய்தேன். அழகாக ஓடியது. பத்து நிமிடம் கழித்துப் பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. அந்த நாற்றம் வீட்டை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது. இந்தப் பதிவில் உள்ள வரிசை, அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட வரிசை.

எந்தக் கணினி என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் பிபிசி 1980களின் தொடக்கத்தில் மக்களுக்குக் கணினி கற்றுத்தர ஒரு திட்டம் தொடங்கியது. அதற்காகக் கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் செய்த இயந்திரம் இது. 1981 இறுதியில் வந்தது. 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 பிராசசர், மாடல் பி என்றால் 32 கிலோபைட் நினைவகம். இதன் 'பேசிக்' நிரல் மொழியை எழுதிய சோஃபி வில்சனும், வன்பொருளில் உழைத்த ஸ்டீவ் ஃபர்பரும்தான் பின்னாளில் முதல் ஆர்ம் பிராசசரை உருவாக்கினார்கள். இன்று உங்கள் போனுக்குள் இருப்பது அதன் வழித்தோன்றல்.

நமக்கும் இதற்கும் ஓர் உறவு உண்டு. 1984இல் இந்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது வகுப்பறைகளுக்கு வந்தது இந்தக் கணினிதான். அதனால் இன்றும் சில பள்ளிகளின் பழைய பொருள் அறையில் இதைப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. பெட்டியோடு ஃபிளாப்பியோ கேசட்டோ வந்தால் அவற்றைத் தனியாக, வெயில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். இப்போதைக்கு அவற்றை எதிலும் போட்டுப் பார்க்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படி 1: திறந்து பார்ப்பது

பின்பக்கம் இரண்டு, அடியில் இரண்டு என்று நான்கு திருகுகள் மேல்மூடியைப் பிடித்திருக்கும். பக்கத்தில் 'ஃபிக்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கழற்றினால் மூடி மேலே வந்துவிடும்.

இடப்பக்கம் இருக்கும் உலோகப் பெட்டி பவர் சப்ளை. முன்னால் இருப்பது கீபோர்டு. உள்ளே தூசி, கரப்பான் எச்சம், சில சமயம் எலிக்கூடுகூட இருக்கும். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள், ஈரத்துணி வேண்டாம். துரு, பச்சை படிந்த கம்பிகள், எரிந்த தடம் ஏதாவது தெரிகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். எதையும் கழற்றும் முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்து வையுங்கள்.

படி 2: பவர் சப்ளை

இந்தப் பதிவின் முக்கியமான பகுதி இது, அவசரப்படாமல் படியுங்கள்.

பவர் சப்ளைக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலேயே, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் இரண்டு இருக்கும். மஞ்சள் நிறத்தில், கண்ணாடி போன்ற உறையோடு இருக்கும். உள்ளே உலோகம் பூசிய காகிதச் சுருள். நாற்பது வருடத்தில் உறையில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, அவற்றின் வழியாக ஈரப்பதம் உள்ளே போகும். 230 வோல்ட் பாய்ந்ததும் சூடாகி வெடித்துப் புகையும். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் கிடந்த இயந்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

அடியில் இருக்கும் மூன்று திருகுகளைக் கழற்றினால் பவர் சப்ளை பெட்டி வெளியே வரும். கணினியின் முதன்மை சர்க்யூட் போர்டுக்குப் போகும் ஏழு வயர்களை மெதுவாக உருவுங்கள்: சிவப்பு மூன்று (+5 வோல்ட்), கறுப்பு மூன்று (பூஜ்யம்), ஊதா ஒன்று (-5 வோல்ட்). எது எங்கே இருந்தது என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரமாவது கழித்துத் திறந்து, அதன் இரு கால்களிலும் மல்டிமீட்டர் வைத்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். இதுவரை சால்டரிங் அயர்னையே பிடித்ததில்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் டிவி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அவருக்குப் பத்து நிமிட வேலை. பயிற்சி எடுத்துக்கொள்ள 230 வோல்ட் சரியான இடம் இல்லை.

வாங்க வேண்டியவை: 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று. இரண்டும் 'எக்ஸ்2' வகை, 275 வோல்ட் ஏசி என்று குறியிட்டவையாக இருக்க வேண்டும். கடையில் "அதே மதிப்புதான் சார்" என்று சாதாரண கெப்பாசிட்டரை நீட்டினால் வாங்காதீர்கள். எக்ஸ்2 வகை, பழுதானாலும் தீப்பிடிக்காத மாதிரி செய்யப்பட்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எளிதாகக் கிடைக்கும்.

மாற்றியதும் நேராகக் கணினியோடு இணைக்க வேண்டாம். இந்த வகை சப்ளையைச் சுமை இல்லாமல் ஓட்டினால் அளவு சரியாகத் தெரியாது. கார் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே இணைத்து ஆன் செய்யுங்கள். பல்பு மங்கலாக எரியும், ஓர் ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் ஓடும். மீட்டர் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. அதற்கு மேல் போனால் போர்டில் இருக்கும் சில்லுகள் சாகும், இணைக்கவே கூடாது.

படி 3: போர்டு

போர்டில் பல ஐசிகள், அதாவது சில்லுகள், சாக்கெட்டில் செருகியிருக்கும். பல வருடம் கிடந்ததில் கால்களில் ஆக்சைடு படிந்து தொடர்பு விட்டுப்போயிருக்கும். 'செத்துப்போச்சு' என்று ஒதுக்கப்பட்ட பல இயந்திரங்கள் ஐசியைக் கழற்றி மாட்டியதிலேயே எழுந்திருக்கின்றன.

முதலில் கீபோர்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிவையுங்கள். அதன் கீழே வலப்பக்கம் ஐந்து ரோம் சாக்கெட்டுகள் தெரியும். நினைவகமான ராம் இல்லை, நிரல் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் 'ஆர்ஓஎம்'. ஐசி 51 என்ற எண்ணில் இருப்பது இயங்குதளம். பேசிக் மொழி மற்ற நான்கில் ஒன்றில் இருக்கும். தட்டையான சின்னத் திருப்புளியை ஒரு முனையில் கொஞ்சம், மறுமுனையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து நெம்புங்கள். ஒரே பக்கம் நெம்பினால் கால் வளைந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஐசியின் முனையில் இருக்கும் பிறை வெட்டு முன்பு இருந்த திசையிலேயே இருக்கும்படி திரும்பச் செருகுங்கள். தலைகீழாகச் செருகி ஆன் செய்தால் அந்த ஐசியை மறந்துவிட வேண்டியதுதான். வேலைக்கு முன் கையை ஏதாவது எர்த் உள்ள உலோகத்தில் தொட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சளடித்த பெட்டியை பெராக்சைடு பூசி வெளுப்பாக்கும் முறை ஒன்று உண்டு. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. அந்த நிறம் அதன் வயது.

படி 4: திரையும் முதல் ஆன்-னும்

பின்பக்கத்தில் வீடியோ என்று போட்ட உருளைச் சாக்கெட் இருக்கும். பிஎன்சி வகை. அதற்கும் டிவியின் மஞ்சள் ஏவி பின்னுக்கும் ஒரு மாற்றி போதும். நம் ஊர் டிவிக்கள் இந்தக் கணினி தரும் 'பிஏஎல்' என்ற வீடியோ முறையைப் புரிந்துகொள்பவை என்பதால் சிக்கல் இல்லை. படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் பயப்படாதீர்கள், தொழிற்சாலையிலிருந்து வந்ததே அப்படித்தான். போர்டில் எஸ்39 என்று குறித்த இணைப்பை மூடினால் வண்ணம் வரும்.

சரி, இப்போது ஆன் செய்யலாம். காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு தாழ்ந்த ஒலி, உடனே ஓர் உயர்ந்த பீப். முதல் ஒலி மின்சாரம் வந்ததும் தானாக எழுவது. இரண்டாவது, இயங்குதளம் விழித்து எழுப்புவது. அதனால் திரை இல்லாமலேயே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் ஒலி நிற்காமல் நீண்டுகொண்டே போனால் இயங்குதளம் தொடங்கவில்லை, ஐசி 51ஐயும் 6502ஐயும் மறுபடி செருகிப் பாருங்கள். ஒலியே இல்லை என்றால் மின்சாரத்தையும் ஸ்பீக்கர் வயரையும் பாருங்கள். இரண்டு ஒலியும் வந்து, திரையில் 'லாங்வேஜ்?' என்று கேள்விக்குறியோடு நின்றால் பேசிக் இருக்கும் ஐசி சரியாக உட்காரவில்லை என்று பொருள். எல்லாம் சரி என்றால் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று வந்து, கீழே 'பேசிக்' என்றும் ஓர் அம்புக்குறியும் நிற்கும். அதை முதல் முறை பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை.

படி 5: மென்பொருள் தேடுவது

இணையத்தில் ரசிகர்கள் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியங்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஃபைல் பெயரின் வாலைப் பார்த்தாலே எதன் நகல் என்று தெரியும். 'எஸ்எஸ்டி' ஒரு பக்க ஃபிளாப்பி, 'டிஎஸ்டி' இரு பக்கம், 'யுஇஎஃப்' கேசட். 80 தடங்கள் கொண்ட ஃபிளாப்பியின் ஒரு பக்கம் 200 கிலோபைட்தான், அதனால் எல்லாமே நொடியில் இறங்கிவிடும். உரிமையையும் கொஞ்சம் கவனியுங்கள், பழையது என்பதாலேயே எல்லாம் இலவசம் ஆகிவிடாது. 1984இல் வெளிவந்த 'எலைட்' விளையாட்டை எழுதிய இருவரில் ஒருவரான இயன் பெல் அதன் பிபிசி வடிவத்தைத் தன் தளத்திலேயே கொடுத்திருக்கிறார். அங்கிருந்து தொடங்கலாம்.

இறக்கியதும் முதலில் எமுலேட்டரில், அதாவது இன்றைய கணினியில் பிபிசி மைக்ரோவைப் போலவே நடந்துகொள்ளும் நிரலில், ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் பீப்எம், பிரவுசரிலேயே ஓட்ட ஜேஎஸ்பீப். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். எமுலேட்டரில் ஓடிய நிரல் உங்கள் பிபிசி மைக்ரோவில் ஓடவில்லை என்றால் கோளாறு வன்பொருளில். எமுலேட்டரிலும் ஓடவில்லை என்றால் ஃபைலில். இது தெரியாமல் ஒரு வாரம் போர்டை நோண்டியவர்கள் உண்டு.

படி 6: கணினிக்குள் ஏற்றுவது

தொடக்கநிலையாளருக்குச் செலவில்லாத வழி, கேசட் போர்ட்டும் உங்கள் போனும். யுஇஎஃப் ஃபைலை ஒலியாக மாற்றும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்பக்கக் கேசட் சாக்கெட் ஏழு பின் கொண்ட டின் வகை. அதிலிருந்து ஹெட்ஃபோன் பின்னுக்கு ஒரு வயர் செய்துகொள்ளுங்கள். போனில் ஒலியளவை முழுசாகவோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வைத்து, ஈக்வலைசரை அணைத்து, ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் ஒரு மெசேஜ் மணி அடித்தாலும் ஏற்றம் கெட்டுவிடும்.

கணினியில் *டேப் என்று அடித்து ரிட்டர்ன் தட்டுங்கள். பிறகு செயின் என்று அடித்து, பக்கத்தில் வெறும் இரட்டை மேற்கோளைத் திறந்து மூடி, மறுபடி ரிட்டர்ன். (எல்லாம் ஆங்கிலப் பேரெழுத்தில்.) ஒலியை ஓடவிட்டால் தேடுகிறேன் என்று சொல்லும், அப்புறம் ஃபைல் பெயரும் தொகுதி எண்களும் ஒவ்வொன்றாக ஏறும். நொடிக்கு 1200 பிட் வேகம்தான், 20 கிலோபைட் நிரலுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். 'டேட்டா?' என்று பிழை வந்தால் ஒலியளவைக் கொஞ்சம் மாற்றி, சற்றுப் பின்னால் போய் மறுபடி ஓட்டுங்கள். அந்தத் தொகுதியிலிருந்தே தொடரும்.

ஃபிளாப்பியைக் கையாளும் டிஎஃப்எஸ் என்ற நிரல் உங்கள் கணினியில் இருந்தால் இங்கே ஒரு சிக்கல் வரும், பலரும் தடுக்கி விழும் இடம். டிஎஃப்எஸ் தன் வேலைக்காக 2816 பைட் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் பெரிய கேசட் நிரல்கள் இடம் போதாமல் நின்றுவிடும். *டேப் அடித்த பிறகு பேஜ் என்ற மாறியை 3584 என்று மாற்றி (பேஜ்=3584), நியூ கொடுத்துவிட்டு ஏற்றினால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும்.

கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் எஸ்டி கார்டு நல்ல வழி. அடிப்பக்கம் இருக்கும் யூசர் போர்ட்டில் சின்ன அட்டையை மாட்டி, எம்எம்எஃப்எஸ் என்ற நிரல் பதிந்த ஐசியைக் காலிச் சாக்கெட்டில் செருக வேண்டும். ஒரே ஃபைலுக்குள் 511 ஃபிளாப்பிகள் அடங்கும். *டின் (டி-ஐ-என்) என்று அடித்து எண்ணைக் கொடுத்தால் அந்த ஃபிளாப்பி செருகியதாகிவிடும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு பிரேக்கைத் தட்டி விட்டால் ஓடும். கோடெக் டிரைவ் என்று யூஎஸ்பி வழியும் உண்டு, ஆனால் அதற்குக் கணினியில் டிஸ்க் கண்ட்ரோலர் சில்லு இருக்க வேண்டும். எல்லா மாடல் பியிலும் அது இருக்காது.

படி 7: எடுத்து வைத்த ஃபிளாப்பிகள்

இணையத்தில் இருப்பது எங்கும் போகாது. உங்கள் பெட்டியோடு வந்த ஃபிளாப்பியில் ஓர் ஆசிரியர் எழுதிய பாடம் இருந்தால் உலகத்தில் அதற்கு வேறு நகல் இருக்காது. அதனால்தான் அவற்றைத் தொட வேண்டாம் என்றேன்.

ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியின் ஓரத்தில் இருக்கும் சதுர வெட்டை ஒட்டுத்தாளால் மூடுங்கள், அதில் எழுத முடியாமல் போகும். வட்டை மெல்லச் சுழற்றி, ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். வெண்புள்ளிகளோ வட்ட வட்டமான திட்டுகளோ தெரிந்தால் பூஞ்சணம். அப்படியே டிரைவில் போட்டால் வட்டும் கீறும், டிரைவ் தலையும் அழுக்காகி அடுத்த ஃபிளாப்பியையும் கெடுக்கும். ஐசோபுரொப்பைல் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, முழுசாக உலர்ந்த பிறகே படியுங்கள்.

படிக்க, பழைய பிசியின் ஐந்தேகால் அங்குல டிரைவும் கிரீஸ்வீசல் என்ற சின்ன யூஎஸ்பி பலகையும் போதும். அது வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். அந்த மூலப் பதிவை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எஸ்எஸ்டி செய்யுங்கள். சில பகுதிகள் படியாவிட்டால் தலையைத் துடைத்துவிட்டு இன்னும் இரண்டு முறை முயலுங்கள். கேசட் என்றால் டேப் ரெக்கார்டரின் இயர்ஃபோன் வழியை உங்கள் இன்றைய கணினியின் லைன்-இன்னில் கொடுத்து, அடாசிட்டியில் 44.1 கிலோஹெர்ட்ஸில் வேவ் ஃபைலாகப் பதியுங்கள். எம்பி3 ஆக்காதீர்கள், சுருக்கும்போது தகவல் போய்விடும்.

ஃபிளாப்பி மேல் ஒட்டியிருக்கும் தாளையும் படம் எடுத்து, ஃபைலோடு ஒரே ஃபோல்டரில் போடுங்கள். நகலை எமுலேட்டரில் திறந்து *கேட் (சி-ஏ-டி) அடித்தால் உள்ளே இருப்பவை வரிசையாக வரும். ஏழு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாத காலம் என்பதால் பெயரைப் பார்த்து எதுவும் புரியாது, ஒவ்வொன்றாக ஏற்றி லிஸ்ட் கொடுத்துப் படியுங்கள். பாடம், புதிர், விளையாட்டு என்றால் பள்ளியிடம் கேட்டுவிட்டுப் பகிரலாம். மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் இருக்கும் பட்டியல் வந்தால் வெளியே விடாமல், ஒரு நகலைப் பள்ளியிடமே கொடுத்துவிடுங்கள்.