பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தில் சிறு பெயர்ப்பலகை: அனுமதி வாங்கும் வழி

அரை சதுர மீட்டர்கூட இல்லாத பலகைக்கு எதற்கு அனுமதி என்று தோன்றும். பலகையைக் கழற்றிவிடலாம்; அதைத் தாங்கப் போட்ட துளைகளைக் கழற்ற முடியாது. அதனால் பரிசீலிக்கும் அலுவலர் பலகையின் முகத்தைவிட முதுகைத்தான் கவனமாகப் பார்ப்பார். எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். எழுத்தும் நிறமும் அப்புறம்.

பாரம்பரியக் கட்டடத்தில் மாற்றம் செய்ய ஓர் அனுமதி, விளம்பரப் பலகை வைக்க இன்னொன்று, உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேறு. பல இடங்களில் இவை தனித்தனி; ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது. சின்னப் பலகைக்கு விளம்பர விதியில் விலக்கு இருந்தாலும், பாரம்பரிய அனுமதிக்கு அது செல்லாமல் போகலாம். பலர் சறுக்குவது இங்கேதான். கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிட்ட பதிவை வாங்கிப் பாருங்கள். காப்பு முகப்புக்கு மட்டுமா, மதில்சுவருக்கும் உட்புறத்துக்கும் சேர்த்தா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

அடுத்து, பலகையின் முழு அளவில் ஓர் அட்டையை வெட்டி, ஒருவரைச் சுவரில் பிடிக்கச் சொல்லி, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து படம் எடுங்கள். ஒட்ட வேண்டாம். முறையாக விண்ணப்பிக்கும் முன் அந்தப் படத்தோடு அலுவலரைப் பார்த்துப் பேசிவிட்டால், வரைபடச் செலவு இருமுறை ஆகாது.

இடத்தைத் தேர்வதில் ஒரு வரிசை உண்டு. பழைய பலகையின் துளைகளோ இரும்புத் தாங்கியோ இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால், கண்ணாடிக்கு உட்புறம் தொங்கவிடுவது அல்லது சுவரைத் தொடாமல் தரையில் தனிக்கம்பம் நடுவது. இவை ஒத்துவராதபோதுதான் சுவர். சுவரிலும் கல்லின், செங்கல்லின் முகத்தில் துளை போடக் கூடாது. இடையிலுள்ள சாந்து இணைப்பில் மட்டும். பலகையின் அளவை வைத்துத் துளைகளைத் தேடாமல், இணைப்புகள் ஓடும் இடத்தை அளந்து பலகையின் துளைகளை அதற்கேற்ப அமையுங்கள். செதுக்கு வேலை, கல்வெட்டு, தூண், கார்னிஸ் (சுவரின் மேல்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் அலங்கார விளிம்பு), மங்கிப்போன பழைய சுவர் எழுத்து எதையும் மறைக்கக் கூடாது.

பொருத்தும் விவரம்தான் விண்ணப்பத்தின் உயிர். சாதாரண இரும்புத் திருகு துருப்பிடித்தால், அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக் கல்லைப் பிளந்துவிடும்; அதனால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று தரத்தோடு எழுதுங்கள். அலுமினியப் பலகை என்றால் இரண்டு உலோகங்களும் தொடாதபடி நைலான் வாஷர். சுவரின் ஈரம் காய, பலகைக்குப் பின்னால் 10 மி.மீ. இடைவெளி. டிரில்லின் சுத்தியல் விசையை அணைத்துவிட்டுத் துளைக்க வேண்டும். பழைய சாந்து அந்த அதிர்வைத் தாங்காது. துளை வேண்டாமே என்று பசையோ சிலிக்கானோ போட நினைப்பது அதைவிட மோசம்: கழற்றும்போது கல்லின் தோலே உரிந்து வரும். செம்பும் வெண்கலமும் அழகுதான். ஆனால் அவற்றில் வழியும் மழைநீர் வெளிர்கல்லில் பச்சைக் கறையாக இறங்கும்.

ஆவணங்களில் இருக்க வேண்டியவை: இட வரைபடம், தரையிலிருந்து பலகையின் உயரம் குறித்து, பலகையோடும் பலகை இல்லாமலும் முகப்பின் 1:50 அளவு வரைபடம், பொருத்துமிடத்தின் 1:5 வெட்டுத்தோற்றம், தற்போதைய நிலையின் படங்கள். கூடவே ஒரு பக்க விளக்கம் போதும்: கட்டடத்தில் முக்கியமானது எது, பலகை அதை எப்படிப் பாதிக்கும், ஏன் இந்த இடம், எப்படிக் கழற்றுவது. சேர்க்கப்படும் எதுவும் கட்டடத்தின் சிறப்பான பகுதிகளையும் அமைப்பின் சமநிலையையும் குறைக்கக் கூடாது என்கிறது பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனத்தின் 13ஆவது பிரிவு. உங்கள் விளக்கம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.

திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் அளவு குறிக்காத பளபளப்பான கணினிப் படம் மட்டும் இருக்கும். அல்லது "கட்டடத்துக்குப் பொருத்தமான நிறம்" என்று எழுதியிருக்கும். நிறத்துக்குக் குறியீட்டு எண் கொடுங்கள். உள்ளே விளக்கெரியும் பெட்டிப் பலகையைக் கேட்காமலிருப்பதே நல்லது. ஒயர் இழுப்பதும் தனிக் கேள்வியாகும். பழமையாகத் தெரியட்டுமே என்று சுருள் எழுத்துகளைப் போடுவதும் உதவாது, எளிய எழுத்தே எடுபடும்.

அனுமதிக் கடிதம் வந்ததும் நிபந்தனைகளைப் படியுங்கள். வேலைக்கு முன் மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெறச் சொல்லியிருக்கலாம், காலக்கெடுவும் இருக்கலாம். பலகை மாட்டுபவரிடம் அங்கீகரித்த வரைபடத்தின் நகலைக் கொடுங்கள்; இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினாலும் அது அனுமதியில்லாத வேலைதான். பிறகு எப்போதாவது கழற்றினால், துளைகளைச் சிமென்டால் அடைக்காமல், பழைய சாந்தின் நிறத்துக்கு ஏற்ற மணல் கலந்த சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள்.