கூரைக்குக் கட்டர் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் ஹார்டுவேர் கடைகளில், கூரை நுனியில் வழியும் தண்ணீரைப் பிடிக்கும் மழைநீர்க் கட்டர் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். ஐப்பசி மழை இறங்குவதற்குள் ஓட்டு வீட்டுக்கோ, தோட்டத்துச் சாளைக்கோ, போர்டிகோவுக்கு மேல் போட்ட கூலிங் ஷீட்டுக்கோ மாட்டியாக வேண்டும். சிலர் வீடியோ பார்த்துத் தாங்களே மாட்டுகிறார்கள். சிலர் தொழிலுக்குப் புதிதாக வந்த பையன்களைப் பிடிக்கிறார்கள். இந்தத் தொழிலில் பழையவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்து, திட்டு வாங்கி, திருந்திய அதே தவறுகள் இவர்கள் கையிலும் அச்சு மாறாமல் வருகின்றன.

ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, மூட்டில் ஒழுகுகிறதா என்பதெல்லாம் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை. இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு, பிறகு செலவு வைக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

"நம்ம ஊர்ல என்ன பெரிய மழை?"

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற பூமி இது. கொங்கில் பெரும்பாலான இடங்களில் வருஷ மழை 600, 700 மி.மீ.யைச் சுற்றித்தான். அதனால் சின்ன கட்டரே போதும் என்று 4 அங்குலத்தை வாங்கிப் போய்விடுகிறார்கள். கட்டருக்கு வருஷக் கணக்கு தேவையில்லை. சித்திரையில் இடியோடு வரும் கோடை மழை அரை மணி நேரத்தில் எவ்வளவு கொட்டுகிறது என்பதுதான் கணக்கு.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 500 சதுர அடிக் கூரை என்றால் 46 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்தால் நிமிஷத்துக்கு 77 லிட்டர் அந்தக் கட்டரில் வந்து விழும். அதே வேகத்துக்கு, கட்டரிலிருந்து தண்ணீரைக் கீழே கொண்டுவரும் 4 அங்குல இறக்குக் குழாய் ஏறக்குறைய 460 சதுர அடிக் கூரையைத் தாங்கும், 3 அங்குலக் குழாய் 220 சதுர அடியை. 3 அங்குலக் குழாய் 4 அங்குலக் குழாயில் முக்கால் பங்கு தாங்கும் என்று நினைக்க வேண்டாம். விட்டம் ஒரு அங்குலம் குறைந்தால் தாங்கும் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே 500 சதுர அடிச் சரிவுக்கு 6 அங்குலக் கட்டர், இரண்டு இறக்கு. சரிவை அளந்து கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடையில் எது இருக்கிறதோ அதற்குக் கூரையைப் பொருத்த முடியாது.

ஓட்டு நுனியை மட்டம் என்று நம்பி வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) வைப்பது

எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். மற்றவற்றைச் சரி செய்ய ஒரு டியூப் சிலிக்கானோ நாலடிக் குழாயோ போதும். இதற்கு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கைமரத்தில் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) போட்ட துளைகள் வீண், பசை போட்டு ஒட்டிய மூட்டுகள் வீண், கூலி இரண்டு மடங்கு.

வழக்கமாக நடப்பது இப்படி. 30 அடி இறவாரம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு. முதல் கைமரத்தில் ஓட்டு நுனிக்கு 1 அங்குலம் கீழே ஒரு பிராக்கெட் அடிக்கிறார்கள். கடைசிக் கைமரத்தில் மூன்றேகால் அங்குலம் கீழே இன்னொன்று. வித்தியாசம் இரண்டேகால் அங்குலம், அங்குலத்துக்கு 8 நூல் என்ற கணக்கில் 18 நூல். 10 அடிக்கு 6 நூல் வாட்டம், கணக்கு சரி. அப்புறம் நடுவில் வரும் பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டு நுனியில் டேப்பை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே போகிறார்கள். டேப் பொய் சொல்லவில்லை, ஓட்டு நுனிதான் மட்டத்தில் இல்லை.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பழைய சீமை ஓட்டு வீடுகளில் இறவாரம் நடுவில் தொங்கியிருப்பது சாதாரணம். 30 அடிக்கு ஒன்றரை அங்குலம் தொங்கினால் கீழே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இப்போது கணக்குப் போடுங்கள். நடுவில் வாட்டத்தால் 9 நூல் இறக்கம், தொங்கலால் 12 நூல் இறக்கம், மொத்தம் 21 நூல். குழாய் இருக்கும் கோடியில் 18 நூல்தான். ஆக, தண்ணீர் வெளியேற வேண்டிய இடத்தைவிட நடு இடம் 3 நூல் பள்ளம். குளம் கட்டியாயிற்று.

முதல் வருஷம் அந்தப் பள்ளத்தில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வீட்டுக்காரர் முதலில் கொசுவைத்தான் கவனிப்பார். அடுத்த ஆடிக் காற்றில் செம்மண் தூசி வந்து படியும். ஈரத்தில் பிடித்துச் சேறாகும். அதில் அரசங்கன்று முளைக்கும். 6 அங்குல அரைவட்டக் கட்டர் 20 அடிக்கு நிரம்பி நின்றால் 50 கிலோவுக்கு மேல். ஒரு சிமெண்ட் மூட்டையை இறவாரத்தில் தொங்கவிட்டது போல. பிராக்கெட் வளையும், பள்ளம் ஆழமாகும். கடைசியில் தண்ணீர் உள் விளிம்பு வழியாக வழிந்து கைமர நுனியை நனைக்கும். நுனி உளுத்துப்போன கைமரத்தை மாற்ற ஓட்டை இறக்கி, ரீப்பரைப் பிரித்து, ஆசாரியைக் கூப்பிட வேண்டும். கட்டருக்கு ஆன செலவு இதன் பக்கத்திலேயே வராது.

செய்ய வேண்டியதில் கஷ்டம் ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். ரசமட்டத்தை ஒதுக்கி வையுங்கள். 10 அடிக்கு 6 நூல் என்றால் ஒரு அடி நீள ரசமட்டத்தில் அது ஒரு நூல்கூட வராது. குமிழி அசைந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாது. வேண்டியது 40 அடி நீள மட்ட டியூப், உள்ளே குமிழி இல்லாமல் தண்ணீர். இரண்டு பேர். டியூபின் ஒரு முனையை முதல் கைமரத்தில் பிடித்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சில் கோடு. மறுமுனையைக் கடைசிக் கைமரத்துக்குக் கொண்டுபோய் அங்கேயும் கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் நூல் கட்டினால் அதுதான் உண்மையான மட்டம். அந்த நூலிலிருந்து ஒவ்வொரு கைமரத்திலும் ஓட்டு நுனி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து மரத்திலேயே எழுதுங்கள். கூரையின் தொங்கல் அப்படியே எண்களாகத் தெரிந்துவிடும்.

அதன் பிறகுதான் குழாய் எங்கே என்ற முடிவு. ஒரு கோடியில்தான் வைப்பேன் என்றால், நடுவில் ஓடு கட்டரில் இடிக்காமல் இருக்க ஆரம்ப பிராக்கெட்டையே இறக்க வேண்டிவரும். குழாய்க் கோடியில் ஓட்டுக்கும் கட்டருக்கும் மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விழும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஊரில் அந்தச் சந்தில் பாதித் தண்ணீர் சுவருக்குப் போய்விடும். தொங்கின நடு இடத்திலேயே குழாயை வைத்து இரண்டு பக்கமிருந்தும் அங்கே வாட்டம் கொடுத்தால், 15 அடிக்கு 9 நூல்தான் தேவை. கூரையே 12 நூல் இறங்கியிருக்கிறது. இடைவெளி கடைசி வரை ஏறக்குறைய ஒரே சீராக வரும். வாசலுக்கு நேராகக் குழாய் வேண்டாம் என்று வீட்டுக்காரர் தயங்குவார். அருகிலிருக்கும் திண்ணைத் தூணோடு ஒட்டி இறக்கிவிடலாம்.

கோடியில் இரண்டு, குழாய் இடத்தில் ஒன்று என்று முதலில் பிராக்கெட் அடித்து, அவற்றுக்கு இடையில் நூல் இழுத்து, மற்ற பிராக்கெட்டுகளை நூலைத் தொட்டு அடியுங்கள். ஓட்டைத் தொட்டு அல்ல. பிவிசிக்கு 2 அடிக்கு ஒன்று, தகரத்துக்கு 3 அடிக்கு மிகாமல். கட்டரின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் வாசலில் விழுந்துவிட்டுப் போகும், மரத்துக்கு வராது. ஓடு கட்டருக்குள் இரண்டு அங்குலம் நீட்டியிருந்தால் போதும். பசை போடும் முன் மேட்டுக் கோடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் அந்த பிராக்கெட்டை மாற்ற அப்போது ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த பிறகு வேலையைக் கெடுப்பது பல நேரம் வீட்டுக்காரரேதான். கீழே நின்று பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, கோணலாப் போகுதே, பார்க்க லட்சணமா இல்லீங்களே" என்பார். பையன் தொழிலுக்குப் புதுசு. "சரிங்ண்ணா, நேராக்கிர்லாம்" என்று குழாய் இடத்து பிராக்கெட்டைத் தூக்கிவிடுவான். கோணலாகத் தெரிவதுதான் வாட்டம். கண்ணை உறுத்தினால் முன்னால் ஒரு பலகை அடித்து மறைத்துக்கொள்ளுங்கள்.

பிவிசியை இறுக்கி ஒட்டிவிடுவது

மார்கழி விடியலுக்கும் பங்குனி மத்தியானத்துக்கும் இடையில், வெயில் நேராகப் படும் பிவிசியின் சூடு 40 டிகிரி வரை மாறும். அதற்கு 30 அடி நீளம் ஒரு அங்குலத்துக்குக் கிட்ட நீண்டு சுருங்கும். இரண்டு கோடியையும் சுவரில் முட்டவிட்டு, எல்லா மூட்டையும் பசை போட்டு, பிராக்கெட் வழியாகக் கட்டரிலேயே ஸ்க்ரூ ஏற்றினால் அது போக இடமில்லாமல் முதுகை வளைக்கும். இல்லாவிட்டால் மூட்டில் விரிசல் விடும். ரப்பர் வாஷர் வைத்த மூட்டு வாங்குங்கள். கோடியில் ஒரு அங்குலம் இடம் விடுங்கள். பிராக்கெட்டுக்குள் கட்டர் வழுக்கிக்கொண்டு போய்வரட்டும்.

தகரக் கட்டருக்குப் புளிப்பு வாடை சிலிக்கான்

பிதுக்கும்போது காடி வாடை அடித்தால் அதில் அமிலம் இருக்கிறது. ஜிஐ தகரத்தின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும், ஒட்டிய இடத்திலேயே துரு பிடிக்கும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். மேட்டுப் பக்கத் துண்டு பள்ளத்துப் பக்கத் துண்டின் உள்ளே உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் எந்த சிலிக்கானும் காப்பாற்றாது.

கூரைத் தண்ணீரை அஸ்திவாரத்தில் விடுவது

பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் பூமியில் இது வீட்டையே அசைக்கும். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கூரை முழுவதும் விழும் தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் இறங்கினால் அந்த மூலை மட்டும் ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடினால் முதலில் இறக்குக் குழாய் எங்கே முடிகிறது என்று போய்ப் பாருங்கள். சுவரிலிருந்து 5 அடியாவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். கீழே 90 டிகிரி எல்போ (வளைவுத் துண்டு) ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போட்டால் சருகு சிக்காது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழி மண் மூடிக் கிடந்தால், அதைத் தூர் எடுத்து அங்கேயே விடலாம்.

செப்டிக் டேங்கில் இணைப்பது

கூடாது.

மூன்றடிக் குழாயை முதல் மழை வடிகட்டி என்று நம்புவது

தண்ணீரைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ விடுகிறவர்களுக்கு இது. முதல் 1 மி.மீ. மழையாவது கூரையின் தூசி, அணில் புழுக்கை, காக்கை எச்சத்தோடு வெளியே போக வேண்டும். 500 சதுர அடிக்கு அது 46 லிட்டர். 4 அங்குலக் குழாய் அடிக்கு இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். T வடிவ இணைப்பு போட்டு மூன்றடி தொங்கவிட்ட குழாயில் 7 லிட்டர் சொச்சத்தோடு சரி, மிச்ச அழுக்கு முழுவதும் தொட்டிக்குள். குழாய்க்குப் பதில் 50 லிட்டர் டிரம் வையுங்கள். அதன் அடியில் சொட்டுச் சொட்டாக வடிய ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு டிரம்மில் இடமே இருக்காது.

"வலை போட்டாச்சு, இனி ஏற வேண்டாம்"

வேப்பிலைக்கு முன்னால் வலை தோற்றுவிடும். சின்ன இலை கண்ணிக்குள் செருகிக்கொள்ளும், மேலே பாய் விரித்த மாதிரி படியும், தண்ணீர் வலைக்கு மேலேயே ஓடி வெளியே கொட்டும். குழாய் வாயில் குவிந்த கூண்டு வடிகட்டி ஒன்று போதும். வருஷத்துக்கு மூன்று தடவை ஏறுங்கள்: வேம்பு இலை உதிர்த்து முடித்த பங்குனிக் கடைசியில், ஆடிக் காற்று ஓய்ந்ததும், ஐப்பசி மழைக்கு முன். முதலில் கையால் அள்ளுங்கள். ஓஸைப் பிடித்து அடித்தால் சேறு முழுவதும் குழாய்க்குள் இறங்கி எல்போவில் உட்கார்ந்துகொள்ளும்.

ஏணியைக் கட்டர்மேல் சாய்ப்பது

சுவரில் சாயுங்கள்.

தென்னைக்கு அடியில் பிவிசி

பொள்ளாச்சி, ஆனைமலைக்காரர்களுக்கு. மட்டை விழுந்தால் பிவிசி உடையும், தகரம் நெளியும். நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தலாம்.