டிபிஎன் ஏறும் நோயாளி: பணி தொடங்கியதும் எதை முதலில் பார்ப்பது?

வாய் வழியாகவோ குடல் வழியாகவோ உணவு கொடுக்க முடியாத நோயாளிக்கு முழு ஊட்டத்தையும் ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றுவதை (Total Parenteral Nutrition) வார்டில் டிபிஎன் என்றே சொல்கிறோம். புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்கள் பையில் எத்தனை கலோரி, எவ்வளவு புரதம் என்பதில்தான் முதலில் கண் வைக்கிறார்கள். அந்தக் கணக்கை மருத்துவரும் உணவியல் வல்லுநரும் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். நாம் பார்க்க வேண்டிய வரிசை வேறு: நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகக் கூடியது முதலில், மணிக்கணக்கில் முற்றுவது அடுத்தது, நாள்கணக்கில் தெரிய வருவது கடைசி.

குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டதால், வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கழுத்து வழியாகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்திய சென்ட்ரல் லைன் என்ற குழாய் இருக்கிறது. அதற்குள் லூமன் எனப்படும் தனித்தனி வழிகள் மூன்று. பம்ப் வழியாக மணிக்கு 80 மி.லி. ஏறிக்கொண்டிருக்கிறது.

முதல் படி: நோயாளியும் லைனும்

பம்ப்பைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் முகத்தையும் மூச்சையும் பாருங்கள். பிறகு லைன் நுழையும் இடத்திலிருந்து பை வரை குழாயைக் கையால் தொட்டபடியே சென்று, ஒவ்வோர் இணைப்பும் இறுக்கமாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இணைப்பு கழன்று காற்று உள்ளே போய், நோயாளிக்குத் திடீரென மூச்சுத்திணறல் வந்தால், உடனே லைனை கிளாம்ப் செய்து (இறுக்கி மூடி), அவரை இடது பக்கமாகத் திருப்பித் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, ஆக்ஸிஜன் கொடுத்தபடியே உதவிக்குக் குரல் கொடுங்கள். லைன் புதிதாகப் போடப்பட்டது என்றால், அதன் நுனி சரியான இடத்தில் இருப்பது எக்ஸ்ரேயில் உறுதியான பிறகே டிபிஎன்னைத் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: தொற்று

என் பார்வையில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். இவ்வளவு சர்க்கரையும் கொழுப்பும் கலந்த திரவம் நேராகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும்போது, ஹப்பில் (லைனில் குழாயை மாட்டும் வாயில்) ஒட்டியிருக்கும் கிருமியும் பூஞ்சையும் சேர்ந்தே உள்ளே போகின்றன. எனவே ஒவ்வொரு முறை இணைப்பைத் திறக்கும் முன்பும் கை கழுவி, ஹப்பை ஆல்கஹால் அல்லது குளோர்ஹெக்ஸிடின் ஸ்வாபால் குறைந்தது 15 நொடி அழுத்தித் தேய்த்து, உலரவிட வேண்டும். உலராத ஹப்பில் செட்டை (பையிலிருந்து வரும் குழாயை) மாட்டினால் தேய்த்ததன் பலன் குறைந்துவிடும். டிபிஎன்னுக்கென்று ஒதுக்கிய லூமனில் ஆன்டிபயாடிக் போடுவதும், ரத்தம் எடுப்பதும், வேறு டிரிப்பை இணைப்பதும் கூடாது. "இந்த ஒரு ஊசி மட்டும்தானே, சிஸ்டர்" என்று யார் கேட்டாலும் அதே பதில்தான். பையும் செட்டும் 24 மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது. பை தீராமல் மிச்சம் இருந்தாலும் அகற்றிவிட வேண்டும்.

லைன் நுழையும் இடத்தை மூடும் ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். ஓரம் பெயர்ந்தாலோ ஈரமானாலோ அன்றே மாற்ற வேண்டும். காய்ச்சலோடு குளிர்நடுக்கம் வந்தால், வேறு காரணம் தெரியாத வரை லைனைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாம் படி: சர்க்கரை

தொடக்க நாள்களில் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை சுகர் பார்க்கிறோம். பெரும்பாலான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் டெசிலிட்டருக்கு 140 முதல் 180 மி.கி. வரை இருக்குமாறு பார்த்துக்கொள்கின்றன. சர்க்கரை ஏறுவதை விட, டிபிஎன் திடீரென நின்ற பிறகு அது இறங்குவதைத்தான் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். உடலில் சுரந்த இன்சுலின் அப்படியே இருக்க, உள்ளே வந்துகொண்டிருந்த சர்க்கரை மட்டும் நின்றுபோகிறது. "சிஸ்டர், பாட்டில் தீரப் போகுது" என்று உறவினர் சொல்லும் நேரத்தில் அடுத்த பை வந்து சேரவில்லை என்றால், மருத்துவரிடம் கேட்டு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸை (சர்க்கரைக் கரைசலை) அதே வேகத்தில் தொடருங்கள். பம்ப் ஒரு மணி நேரம் நின்றிருந்தது என்பதற்காக வேகத்தைக் கூட்டி ஈடுகட்ட ஒருபோதும் முயலாதீர்கள்.

நான்காம் படி: தாது உப்புகள்

பல நாள்கள் சரியாகச் சாப்பிடாதவருக்கு ஊட்டம் தொடங்கும்போது, சர்க்கரையோடு பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவையும் செல்லுக்குள் நுழைந்துவிடுவதால் ரத்தத்தில் அவற்றின் அளவு சரிகிறது. இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறோம். முதல் சில நாள்களில் புதிதாகத் தசைத்தளர்ச்சி, குழப்பம், மூச்சுத்திணறல், சீரற்ற நாடித்துடிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடி எடுத்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். இத்தகைய நோயாளிக்குத் தயமின் (வைட்டமின் பி1) ஊசி எழுதப்பட்டிருந்தால், அது டிபிஎன்னுக்கு முன்பே போடப்பட்டதா என்பதையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: புதுப் பை

பெயர், மருத்துவமனை எண், காலாவதி நாள், ஏற்றும் வேகம் ஆகியவற்றை இன்னொரு செவிலியரோடு சேர்ந்து சரிபாருங்கள். பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது பால்போல் ஒரே சீராக இருக்க வேண்டும். மஞ்சள் எண்ணெய்ப் படலம் மிதந்தால் கொழுப்புக் கலவை பிரிந்துவிட்டது என்று பொருள், அந்தப் பையைத் திருப்பி அனுப்ப வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பை அறை வெப்பத்துக்குத் தானாக வரட்டும், வெந்நீரில் வைக்க வேண்டாம். கொழுப்பு கலந்த பைக்கு 1.2 மைக்ரான் வடிகட்டியைப் பயன்படுத்த வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில் எடை பார்ப்பதும், உள்ளே போன நீரையும் வெளியேறிய நீரையும் கணக்கெழுதுவதும் இவற்றுக்குப் பிறகுதான். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடினால் அது சதை அல்ல, நீர்.

எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால்? நம் நோயாளிக்கு 101.5 டிகிரி காய்ச்சலும் நடுக்கமும், சுகர் 260, பையில் அரை மணி நேரத்துக்கான திரவமே மிச்சம், எடையும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, ஆக்ஸிஜன் அளவைப் பார்த்து மருத்துவரை அழையுங்கள். அவர் சொன்னதும் லைனிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தக் கல்ச்சர் (கிருமியைக் கண்டறியும் பரிசோதனைக்கான ரத்தம்) எடுங்கள். முதல் ஆன்டிபயாடிக் அதற்குப் பிறகு. நடுக்கத்தோடு சுகரும் ஏறியிருப்பது தொற்றின் விளைவாகவே இருக்கக்கூடும் என்பதால், அதையும் அந்த அழைப்பிலேயே சொல்லி இன்சுலின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதுப் பையை மாட்டலாமா, லைனை எடுத்துவிட்டுக் கையில் டெக்ஸ்ட்ரோஸ் போடலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். எடையை மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.