லே சிஸ்: ஆறு பேரையும் ஒரே பாணியில் அடைக்காதீர்கள்

லே சிஸ் ('அறுவர்') என்பது 1920களில் பாரிஸில் பேசப்பட்ட ஆறு இசையமைப்பாளர்களின் குழு. அவர்களில் ஒருவரான பூலான்க்கின் ஒரு துள்ளலான பியானோ துண்டைக் கேட்டுவிட்டு 'லே சிஸ் என்றாலே குறும்பும் எளிமையும்தான்' என்று முடிவுகட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்கிற தவறு. ஓரிக், துரே, ஓனெகர், மியோ, பூலான்க், தையஃபேர் என்ற ஆறு பேரும் கூடி உட்கார்ந்து ஒரு கொள்கை வகுக்கவில்லை. நண்பர்களாக இருந்தார்கள், அவர்கள் இசை ஒரே கச்சேரிகளில் ஒலித்தது, அவ்வளவுதான். 1920 ஜனவரியில் ஆன்ரி கொலே என்ற விமர்சகர், ரஷ்யாவின் 'ஐவர்' என்ற முந்தைய இசையமைப்பாளர் குழுவோடு ஒப்பிட்டுப் பத்திரிகையில் எழுதப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறு பேரும் பங்களித்த ஒரே படைப்பு அதே ஆண்டு வந்த சிறு பியானோ தொகுப்புதான். அடுத்த ஆண்டு ஈஃபில் கோபுரத்தை வைத்து கவிஞர் ழான் கொக்தோ எழுதிய பாலேக்கு இசையமைக்கும்போதே துரே விலகிக்கொண்டார்.

புதிய இசை எப்படி இருக்க வேண்டும் என்று கொக்தோ எழுதியதை இவர்களின் சட்டப் புத்தகமாகப் படிப்பது அடுத்த தவறு. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் கனமான பாணியை அவர் ஒதுக்கச் சொன்னார். ஓனெகரோ பழைய ஜெர்மன் மேதை பாக்கையும் வாக்னரையும் கடைசிவரை விடவில்லை. அவருடைய 'பசிபிக் 231' (1923) கேளுங்கள், நீராவி எஞ்சின் மெல்லக் கிளம்பி வேகமெடுக்கிற அந்தக் கனத்தில் கொக்தோ கேட்ட லேசான இசை எங்கே இருக்கிறது? மியோ 1917-18இல் பிரேசிலில் இருந்துவிட்டு வந்தவர், அந்த ஊர் மெட்டுகள் அவர் இசைக்குள் அப்படியே நுழைந்தன.

இசையமைப்பாளர் எரிக் சாத்தியை இந்தக் குழுவில் சேர்த்து எண்ணாதீர்கள், அவர் மூத்தவர், ஊக்கம் கொடுத்தவர், உறுப்பினர் இல்லை.

பூலான்க்கை 1920களோடு நிறுத்துவதும் பெரிய இழப்பு. 1936இல் நண்பர் ஒருவர் கார் விபத்தில் இறந்த பிறகு பிரான்சிலுள்ள ரோகமதூர் புனிதத் தலத்துக்குப் போனார், அங்குள்ள கருப்பு மாதாவுக்காக அதே ஆண்டு எழுதிய பிரார்த்தனை இசையைக் கேட்டால் வேறொரு மனிதர் தெரிவார்.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே வலிக்கிற ஒன்று: ஜெர்மைன் தையஃபேரை 'குழுவில் இருந்த ஒரே பெண்' என்ற ஒரு வரியோடு கடந்துவிடுகிறார்கள். அப்பா இசை படிக்க விடாததால் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டவர் அவர், 1983இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். நியோகிளாசிக்கல் (பழைய இசையின் தெளிவைப் புதிதாக எடுத்தாளும் பாணி) என்றால் என்ன என்று காதால் புரிந்துகொள்ள அவருடைய முதல் பியானோ கான்செர்ட்டோவிலிருந்து (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) தொடங்குங்கள். 1920களின் படைப்பு, ஆனால் பாக் காலத்துத் தெளிவோடு ஓடும்.