ஒளித்துவைத்த துப்பாக்கிகளை அருங்காட்சியகத்தில் பார்ப்பது எப்படி

இரண்டாம் உலகப் போரில் உளவாளிகளுக்காகச் செய்த துப்பாக்கிகளைப் பார்க்கிறவர்கள், 'இதை எங்கே ஒளித்திருப்பார்கள்?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் வேறொரு கேள்வியில் தொடங்கச் சொல்வேன். இதைச் சுடுகிறவர் எதிரிக்கு எவ்வளவு பக்கத்தில் போயாக வேண்டும்? அந்தத் தூரம் பிடிபட்டுவிட்டால், அது ஏன் அப்படி இருக்கிறது என்பதும் பிடிபடும்.

அமெரிக்கக் கடற்படைக்காக வந்த செட்ஜ்லி கையுறைத் துப்பாக்கியில் விசையைத் தேடிப் பாருங்கள், வழக்கமான இடத்தில் இருக்காது. புறங்கையில் .38 காலிபர் குழல் ஒன்று, அதோடு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு. குத்துவிடும்போது தண்டு எதிரியின் உடம்பில் பட்டு அழுந்தினால்தான் வெடிக்கும். ஒரே தோட்டா. தூரம் என்று எதுவுமே இல்லை. இதை மாட்டிக்கொண்டு போகிறவனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

வெல்ராட் கைத்துப்பாக்கி முன்னால் மட்டும் அவசரப்படாமல் நில்லுங்கள். பிரிட்டனின் ரகசியப் படையான எஸ்.ஓ.இ., வெல்வின் ஊருக்கு அருகே இருந்த தன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது இது. கைப்பிடிதான் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கிவைக்கும் கூடு. அதைக் கழற்றிவிட்டால் சைக்கிள் பம்பு மாதிரி ஒரு குழாய்தான் மிஞ்சும். அந்தக் குழாயின் பெரும்பகுதி சைலன்சர். உள்ளே இருக்கும் ரப்பர் தட்டுகளைத் துளைத்துக்கொண்டுதான் குண்டு வெளியேறும், அதனால் சுடச்சுட தட்டுகள் நைந்து சத்தம் கூடிவிடும். அப்புறம் பின்முனையைக் கவனியுங்கள். அங்கே உள்ள குமிழைக் கையால் திருகி இழுத்தால்தான் அடுத்த தோட்டா ஏறும். தானாக ஏறும்படி செய்திருந்தால், உலோகம் மோதும் ஓசையே ஆளைக் காட்டிக்கொடுத்திருக்கும். செய்தவர் பெயர் எங்கேயும் பொறித்திருக்காது. எதிரி கையில் சிக்கினாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியக்கூடாது.

எஃப்.பி-45 லிபரேட்டர் என்ற அமெரிக்கக் கைத்துப்பாக்கியை ஆவணங்களிலேயே ஒளித்தார்கள், ஒளிப்பந்து எறியும் கருவி என்று எழுதி. 1942-ல் ஜெனரல் மோட்டார்ஸின் விளக்குப் பிரிவு சுமார் 10 லட்சம் செய்தது. முடிந்தால் குழலுக்குள் எட்டிப் பாருங்கள். குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் இருக்காது, அதனால் சில அடி தூரத்துக்குத்தான் குறி நிற்கும். ஒருவனைச் சுட்டு அவனுடைய நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொள்வதற்கு அதுவே போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் படத்தாள் இருந்தால் தவறவிடாதீர்கள். எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்ளும்படி, சொற்களே இல்லாமல் படங்களாலேயே விளக்கியிருப்பார்கள்.

ஜெர்மன் பெல்ட் பக்கிள் துப்பாக்கி என்று எதையாவது காட்டினால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். மூடியைத் திறந்ததும் சின்னக் குழல்கள் நிமிர்ந்து நிற்கும், பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் போருக்குப் பிறகு செய்த போலிகள் ஏராளம், போரில் கொடுத்தார்களா என்பதிலேயே சேகரிப்பாளர்களிடம் சர்ச்சை உண்டு. முத்திரைகளை நம்பாதீர்கள், அவற்றை யாரும் அடித்துக்கொள்ளலாம். யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு பதிவானது, போர்க்காலக் காகிதம் ஏதாவது உண்டா என்று காப்பாட்சியரிடம் கேளுங்கள்.