மாட்டு மருந்து மனிதருக்கு ஆகாது: ஐவர்மெக்டின் குடித்துவிட்டால்

சொறி சிரங்குக்கென்று மாடு, நாய்க்குப் போடும் ஐவர்மெக்டினை வாயில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். ஊசிப் போத்தலில் 1% என்று இருந்தால், ஒரு மில்லிலீட்டரில் 10 மில்லிகிராம் மருந்து. ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீட்டர், அதாவது 50 மில்லிகிராம். மனிதருக்கு டாக்டர் எழுதும் அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம்தான், 60 கிலோ ஆளுக்கு 12. ஆக ஒரே கரண்டியில் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். 20 கிலோ பிள்ளைக்கு அதுவே பன்னிரண்டு மடங்கு! போதாததற்கு, முதுகில் ஊற்றும் வகையிலும் ஊசி வகையிலும் குடிக்கவே கூடாத கரைப்பான்கள் கலந்திருக்கும்.

முதலில் வாந்தி, வயிற்றோட்டம், தலைச்சுற்று. பிறகு கண் மங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். வலிப்பும் மயக்கமும் வரலாம். மருந்து மூளைக்குள் போவதால்தான் இப்படி. இதற்கு மாற்று மருந்து கிடையாது.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணியும் வேண்டாம், மயங்கினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மயங்குபவரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். இலங்கையில் என்றால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையமும் இருக்கிறது. போத்தலை லேபிளோடு கொண்டுபோங்கள்; எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வோர்ஃபரின் குளிசை எடுப்பவரென்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள், இரத்தம் உறைவது குழம்பும்.

சிரங்குக்கு டாக்டரிடம் காட்டி பெர்மெத்ரின் 5% கிரீம் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும்.